கொதித்த தண்ணீரின் சந்தேகம்

திரிபுரசுந்தரி அடுக்களைக்குள் நுழைந்தால் குடிதண்ணீர் கொதிக்கும். அடுப்பு எரிய வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் குடியிருக்கும் சந்துக்கு இது, மீன்காரர் எப்போது கூவிக்கொண்டு வருவார் என்பதைப் போல, எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பாலும் சாம்பாரும் அவளிடம் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கின்றன. குடிக்க வைத்த தண்ணீர்தான் வம்பு செய்கிறது.

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. பள்ளுருத்திப் பக்கம் பெரிய குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட்டது, மறு அறிவிப்பு வரும்வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். திரிபுரசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. “நம்மாத்துல என்னிக்குக் கொதிக்காத ஜலம் குடிச்சோம்?” என்று கணவர் வெங்கிட்டுவிடம் கேட்டாள். பிரசவத்துக்காகத் தேவராவிலிருந்து வந்திருந்த மகள் ஸாதனாவும் சிரித்தாள். அந்த வீட்டில் தண்ணீர் பதிமுகம் என்ற மரத்தின் சக்கை போட்டு இளஞ்சிவப்பாகக் கொதிக்கும். அப்படியே குடித்தால் நாக்கு வெந்துபோகும் என்று பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் விட்டு விளாவுவாள். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், எதிர்வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கும் விளாவி, நிறம் மங்கிய அந்தத் தண்ணீரை வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தாள். ஸாதனா ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் வார்டு சுகாதாரப் பணியாளர் பாண்டிச்செல்வி வாசலில் நின்று, குமிழி பொங்கிப் புரண்டு கொதிக்க வேண்டும், வெறும் சூடு போதாது, பில்ட்டரை நம்ப வேண்டாம், பழைய ஐஸைக் கொட்டுங்கள், பல் தேய்க்கவும் ஆறிய தண்ணீர்தான் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கிளம்பும்போது, தண்ணீரை வெள்ளம் என்னும் அந்த ஊர் வழக்கில், ஒன்று சேர்த்தாள். “சேச்சி, கொதிச்ச வெள்ளத்துல பச்ச வெள்ளம் ஊத்தி ஆத்திராதீங்க. ஊத்துனா அம்புட்டும் பச்ச வெள்ளந்தான். கர்ப்பிணி இருக்க வீடு, காமாலை வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து.” முந்தின நாள் ஸாதனாவுக்கு விளாவிக் கொடுத்த டம்ளர் திரிபுரசுந்தரிக்கு ஞாபகம் வந்தது. காமாலை தலைகாட்ட வாரக்கணக்கில் ஆகும் என்றும் பாண்டிச்செல்வி சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் மகளின் கீழிமையை இழுத்து, கண்ணின் வெள்ளை மஞ்சளாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஸாதனா இதைப் பிரசவ காலத்துச் சடங்கு ஏதோ என்று எடுத்துக்கொண்டாள்.

பாண்டிச்செல்வி வந்துபோன அன்று மாலைதான் தண்ணீர் வேலையைக் காட்டியது. காலையில் காய்ச்சி மூடி வைத்திருந்த தவலையை எடுக்கப் போனாள், தளதளவென்று கொதித்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று கிடந்தது. வெங்கிட்டுவைக் கூப்பிட வெளியே போனாள். அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, “நன்னா ஆறியிருக்கே” என்றார். அவள் உள்ளே வந்தாள், கொதித்தது. வெளியே போனாள், அடங்கியது. யாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இருவருக்கும் விளங்கவில்லை. இதற்கு யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியாததால் பிளம்பர் மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டார்கள். அவன் கேஸ் குழாயை முகர்ந்தான், தவலையைத் தட்டினான், திரிபுரசுந்தரியை முன்னும் பின்னும் நடக்கச் சொல்லிப் பார்த்தான். “லைன்ல கொழப்பம் இல்ல, மாமி” என்று சொல்லிவிட்டுச் சாயா குடித்துப் போனான். கொட்ட மறந்திருந்த ஐஸ் ஞாபகம் வந்து அவள் பிரிட்ஜைத் திறந்தபோது, ஐஸ் தட்டும் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“அதுக்கு உம்மேல சந்தேகம்டி” என்றார் வெங்கிட்டு, விளையாட்டாக. அவளுக்குச் சுருக்கென்றது. யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தவலை முன்னால் நின்று, இனி விளாவ மாட்டேன் என்று குருவாயூரப்பன் மேல் சத்தியம் செய்தாள். தண்ணீர் கொதி அடங்கி யோசித்தது. அதற்குள் அவளுடைய வலதுகை, அவளைக் கேட்காமலேயே, சொம்பை எடுத்துக் குழாயைத் திறந்திருந்தது. தவலை மூடியைத் தூக்கி எறிந்துகொண்டு பொங்கியது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, தன் கையை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

மழை ஓய்ந்தது. அதே ஆட்டோ வந்து, ஆபத்து நீங்கியது, எல்லாக் குழாய்களையும் திறந்து பழைய தண்ணீரை ஓடவிடுங்கள், தொட்டியைக் கழுவுங்கள் என்றது. மாரிச்செல்வம் தொட்டியைக் கழுவிக் கொடுத்தான். ஸாதனாவின் கண்கள் வெள்ளையாகவே இருந்தன. பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தண்ணீர் மட்டும் மனம் மாறவில்லை. சந்துக்காரர்கள் குடமும் கையுமாக வந்து, “மாமி, கொஞ்ச நேரம் பக்கத்துல நில்லுங்கோ” என்று கேட்பது வழக்கமாயிற்று. அவளும் நின்றுகொண்டே வெண்டைக்காய் நறுக்குவாள். ஊருக்கே தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பவளால் பெற்ற பெண்ணுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லை. நடை தாண்டுவதற்குள் டம்ளர் கொதித்துவிடும். அந்த வருத்தம் அவளுக்கு நிறைய உண்டு.

இப்போதும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது ஸாதனாவுக்குத் தொண்டை வறளும். பழக்கத்தில், “அம்மா, தண்ணி” என்றுதான் கூப்பிடுவாள். திரிபுரசுந்தரி உடனே எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டித் தெருவெயிலில் போய் நிற்பாள். உள்ளே வெங்கிட்டு மொண்டு கொடுப்பார்.

“குடிச்சாச்சும்மா, உள்ள வா” என்று மகளின் குரல் வரும். அவள் வருவாள்.