ஜன்னத் பீவி போர்த்திய பொன்னாடை

கண் முகாம் மேடையில் மைக் பிடித்திருந்த சங்கச் செயலாளர் இளஞ்செழியன் என் புருஷனை மறுபடியும் 'கண்ணொளி வள்ளல்' என்று கூப்பிட்டபோது என் இடது கண்ணில் நீர் வடிந்தது. உருக்கமெல்லாம் ஒன்றுமில்லை. சித்திரையில் துணி எடுக்க மாடிக்குப் போனபோது உமிக்கரி விழுந்து கருவிழியைக் கீறிவிட்டது. அன்றிலிருந்து காற்று பட்டாலே வடியும்.

எங்கள் ரைஸ்மில் கரிதான். நெல் அவிக்க உமியை எரிக்கிறோம். கரி சிம்னி வழியாக மேலே போய் ஊர்மேல் இறங்குகிறது. வர்த்தகர் சங்கத் தலைவர் குழந்தைராஜ், அதாவது என் வீட்டுக்காரர், அதே ஊருக்கு வருஷா வருஷம் இலவசக் கண் முகாம் நடத்துகிறார். மதியச் சாப்பாடும் உண்டு, எங்கள் மில் அரிசியில்.

என் கண்ணில் பட்டபோதுதான் மனுஷன் ஆடிப்போனார். "சிம்னிக்கு ஃபில்டர் மாட்டிடறேன் அமலி. முகாம் மேடையிலயே சொல்றேன், மாதா மேல சத்தியம்" என்றார். அதைக் கேட்கத்தான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தஞ்சாவூரிலிருந்து வந்த டாக்டர் ஷிஃபா சின்னப் பெண். ஊர் நடப்பு தெரியாது. மைக்கைக் கொடுத்ததும் போட்டு உடைத்தாள். "காலையிலேர்ந்து பாத்ததுல பாதிப் பேர் கண்ணுல கரிதான் இருந்துச்சு. அந்தச் சிம்னிக்கு ஒரு ஃபில்டர் போட்டா இத்தனை பேர் இங்க வரவே வேண்டாம்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சொல்லுங்க, இப்ப சொல்லிடுங்க என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

எழுந்தது ஜன்னத் பீவி. மில்லுக்குப் பின்னால் இட்லிக்கடை போட்டிருப்பவள். ஒரு கண் போன வருஷமே போய்விட்டது. மற்றதில் அன்று காலைதான் கரி எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"என்னம்மா பேசுற நீ? மொதலாளி இல்லன்னா எங்க கண்ண யாரு பாப்பாங்க? சோறு போட்டு வைத்தியம் பாக்குற மனுஷனை அவர் மேடையிலயே அவமானப்படுத்துவியா?"

"அதானே!" என்றது கூட்டம். டாக்டர் பெண் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "டாக்டரம்மாவைக் கோவிச்சுக்காதீங்க. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு." நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஜனங்களுக்குக் கண் நோவு ஜாஸ்தியாயிடுச்சு. அதனால அடுத்த வருஷத்துலேர்ந்து நம்ம முகாம் ரெண்டு நாள்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பாழாய்ப்போன என் கையும் தட்டியது. பிறகு ஜன்னத் பீவியைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிவந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். தோள் எங்கே என்று அவள் துழாவினாள். அவர் ரொம்பப் பணிவாகக் குனிந்து கொடுத்தார்.

மறுநாள் மாடியில் வடகம் பிழிந்தேன். கரி விழாமல் மேலே கட்டுவதற்குத்தான் எனக்கு அவருக்கு வருகிற பொன்னாடைகள் உதவும், பீரோ நிறைய இருக்கின்றன. நேற்று வந்தது நல்ல வெள்ளை. வேண்டுமென்றே அதைத்தான் எடுத்துக் கட்டினேன்.

அவர் படியேறி வந்தார். திட்டுவார் என்று பார்த்தால், சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

"உனக்குன்னு வாங்கினேன். மாடிக்கு வர்றப்பல்லாம் போட்டுக்க அமலி. கண்ணுல ஒண்ணும் விழாது."

போட்டுக்கொண்டேன். வெள்ளைப் பொன்னாடை ஒரே இருட்டாகத் தெரிந்தது. அதன் மேல் விழுகிற கரி தெரியவில்லை.