ஒரு அறை குறைகிறது

உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தபடி நிற்கிறாள் பிரமு, ஹாலின் வடக்குச் சுவர், வெயிலே படாத சுவர், ஆனாலும் வெதுவெதுப்பாக இருக்கிறது, காய்ச்சல் கண்ட குழந்தையின் முதுகைப்போல, அவள் நின்றதைப் பார்க்காமல் புரோக்கர் உலகநாதன் பேசிக்கொண்டே போகிறார், பாளையங்கோட்டையில இப்பிடி இடம் கெடைக்காதும்மா, எங்கிட்ட பார்ட்டி ரெடியா இருக்கு, வாங்கின மறுநாளே இடிச்சிருவாவ, உள்ள ஒண்ணையும் பாக்க மாட்டாவ, நீங்க வேற யாரையும் கூப்பிட வேண்டாம். கணவர் சிதம்பரதாணு போன வருஷம் இறந்த பிறகு இந்த வீட்டில் தனியாக இருக்க முடியாது என்றுதான் விற்க நினைத்தாள், இடிப்பார்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் கையின் கீழே சுவர் மெல்ல மூச்சுவிட்டதுபோல் இருந்தது, யோசிச்சுச் சொல்லுதேன் என்று அவரை அனுப்பிவிட்டாள்.

அடுத்து வந்தவள் எப்சிபா, வீட்டை அளந்து மதிப்புப் போட்டுத் தரும் இன்ஜினியர், கையில் சிவப்புப் புள்ளி வீசும் அளவுக் கருவி, உள்ளே அளந்தாள், வெளியே போய் அளந்தாள், திரும்ப உள்ளே வந்து அளந்தாள், முகம் மாறியது, அம்மா, தப்பா நெனைக்காதீங்க, வெளிய இருக்கிற வீட்டுக்கும் உள்ள இருக்கிற வீட்டுக்கும் ஒரு ரூம் குறையுதே, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? ஒண்ணுமில்ல, இங்க எப்பவும் சுவர்தான், என்றாள் பிரமு, சொன்னது தன் குரல் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது, சிதம்பரதாணுவின் குரல் அது, பிள்ளை காய்ச்சலில் போன பிறகு வள்ளியூரில் அம்மா வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு அவள் திரும்பி வந்த அன்று ஈரச் சுண்ணாம்பு வாசம் வீடெங்கும் அடிக்கிறது, பிள்ள ரூம் எங்க என்று கேட்கிறாள், எந்த ரூம், இங்க எப்பவும் சுவர்தான் என்கிறார், ஜன்னலும் இல்லை, வெளியே அந்த இடத்தில் காகிதப்பூக் கொடியைப் படரவிட்டிருக்கிறார், அதற்குப் பிறகு யாரும் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை, போட்டோக்கள் இல்லை, கவுன்கள் இல்லை, வருஷங்கள் போகப்போக அப்படியொரு பிள்ளை இருந்ததா, இல்லை அந்தக் காய்ச்சலே தனக்கு வந்து கண்ட கனவா என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் போயிற்று, ஆனால் மதியத் தூக்கத்தில் சுவருக்குள்ளிருந்து யாரோ இருமுவார்கள், அவள் எழுந்து வெந்நீர் வைப்பாள், யாருக்கு என்று தெரியாமலே ஆறவிடுவாள்.

எப்சிபா விடவில்லை, இல்லாதத நான் வரைய மாட்டேன்மா, இருக்கறத விடவும் மாட்டேன், வாங்குறவங்களுக்குத் தெரியணும்லா, உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க. அன்று சாயங்காலமே உலகநாதன் போன் செய்தார், பார்ட்டி வந்திருக்காவ, ஒரு வார்த்தை சரின்னு சொன்னாப் போதும், பிரமு சுவரைப் பார்த்தாள், வேண்டாம்ணே, அளக்க வந்த பொண்ணே பாக்கட்டும், என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை சுவரை உடைத்துப் பார்க்கக் கொத்தனாரோடு எப்சிபா வந்தாள், செங்கல் ஒவ்வொன்றாக விழுந்தது, உள்ளிருந்து வந்த காற்று பழசாக இல்லை, இப்போதுதான் யாரோ குளிப்பாட்டித் துவட்டிய தலையின் வாசம், சின்னக் கட்டில், அதன்மேல் மடித்து வைத்த போர்வை, அப்படியென்றால் கனவில்லை, இருந்தாள், இருந்தாள் என்று முணுமுணுத்தாள் பிரமு. முதலில் உள்ளே போன எப்சிபா டார்ச்சைத் திருப்பியவள் அப்படியே நின்றாள், அம்மா, இந்தச் சுவத்த உள்பக்கமும் பூசியிருக்கு, நல்லா வழுவழுன்னு, வேற கதவு இல்ல, ஜன்னல்லயும் செங்கல்தான், பூசினவங்க எப்பிடி வெளிய போனாங்க? கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். பிரமு குனிந்து உள்ளே வந்தாள், பூச்சு அவள் இடுப்பு உயரம் வரைக்கும்தான் இருந்தது, அதற்குமேல் வெறும் செங்கல், எட்டாத கை, காரையில் விரல் தடங்கள் சின்னச் சின்னதாக, அவசரமே இல்லாமல் தடவித் தடவி மூடியவை.

வெளியே வாங்கம்மா என்று எப்சிபா கையைப் பிடித்தாள், பிரமு கட்டிலில் உட்கார்ந்தாள், கோமு, என்றாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, குரல் தன்னுடையதாகவே வந்தது, பிறகு எப்சிபாவைப் பார்த்து, படத்துல இந்த ரூம வரைஞ்சிரும்மா, விக்கறதப் பொறவு பாப்போம், மொதல்ல இங்க ஒரு கதவு போடணும், என்றாள். எப்சிபா கேட்டாள், தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா வைக்கச் சொல்லட்டும்?

உள்பக்கம், என்றாள் பிரமு, எட்டுற உயரத்துல.