பிளம்பர் வீட்டு வண்டி

"அண்ணன்கிட்ட எப்பதான் கேக்கப் போறீங்க?" என்று தையல்காரி அன்றைக்குக் கேட்டாள்.

"அவரு வண்டி சரியாகட்டும். அன்னைக்கே கேட்டுடறேன்," என்றான் மெக்கானிக். "இப்பப் போய் நின்னா, ஒரு ஒழுகலை நிறுத்தத் துப்பில்லாதவனுக்கு என் தங்கச்சி கேக்குதான்னு சொல்லுவாரு."

"அப்ப நம்ம கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறது அந்த வண்டிதான்னு சொல்லுங்க."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓடிவிட்டது, வண்டி இன்னும் நாள் குறிக்கவில்லை.

அவள் அண்ணன் பிளம்பர். அவர் கை வைத்த குழாயில் ஒரு சொட்டு கசியாது என்று ஊரே சொல்லும். அவருடைய பழைய கார் மட்டும் நின்ற இடத்திலெல்லாம் எண்ணெயைக் கொட்டி அவர் மானத்தை வாங்கியது. மெக்கானிக் எஞ்சினின் மேல்மூடிக்குப் புது கேஸ்கெட் போட்டான். எண்ணெய் கீழ்ப்பக்கமாகக் கசிந்தது. கீழே ஆயில் சீல் வளையத்தை மாற்றினான். பக்கவாட்டில் புறப்பட்டது. பட்டறையில் நிற்கும்வரை பரம சாது. வீட்டுக்குப் போய் இரண்டு நாளில் பழைய புத்தியைக் காட்டிவிடும். பேய் பிடித்த வண்டியோ என்றுகூட அவனுக்குச் சந்தேகம் வந்தது. பிளம்பரோ பார்க்கும்போதெல்லாம், தண்ணீரைக் கட்டி ஆள்கிறவன் நான், உனக்குக் கொழகொழ எண்ணெயைக் கட்ட முடியவில்லையா என்று குத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தானாகவே எகிறி விழுந்து, பானெட்டுக்குள் எண்ணெய் அபிஷேகமே நடந்துவிட்டது. தையல்காரி போன் செய்தாள். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

வாசலில் பிளம்பர் வழியை மறித்தார். விடுமுறை நாளில் எதற்குச் சிரமம், நாளைக்குத் தானே பட்டறைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். குரலில் என்றும் இல்லாத பணிவு. மெக்கானிக் அவரைச் சுற்றிக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தான்.

எஞ்சினிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போக வேண்டிய ரப்பர்க் குழாய் பாதியில் தொங்கியது. அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடிமேல் வெள்ளை டேப். டேப்மேல் இறுக்கிய கிளாம்ப். அழகான வேலை. இந்த ஊரில் அப்படி ஒரு கை ஒருவருக்குத்தான் உண்டு.

பேய் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் சொல்வது எப்படி? சொன்னால் மைத்துனராக வரவேண்டியவரை முட்டாள் என்றதாகும். சொல்லாவிட்டால் வண்டியும் தேறாது, கல்யாணமும் நடக்காது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி தையல்காரி வாசற்படியில் நின்று அவனையே பார்த்தாள்.

"யாருண்ணே இதை அடைச்சது?"

"நான்தான்," என்றார் பிளம்பர். "எண்ணெய்ப் பிசுக்கா வந்துச்சு. ஒழுகினா அடைக்கணும். உன்கிட்ட வரும்போது கழட்டிடுவேன். நீ கோவிச்சுக்குவேன்னுதான்."

ஒரு வருஷத்துப் பொறுமை அங்கேயே அறுந்தது. "மாடியில காத்துக் குழாய்னு ஒண்ணு வைக்கிறீங்களே, கக்கூஸ் லைனுக்கு. அதை மூடுவீங்களா?"

"எவனாவது மூடுவானா? காத்து போக வழியில்லாம எல்லாம் வீட்டுக்குள்ளதான்…" பிளம்பர் நிறுத்தினார். குழாயைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "அட கடவுளே. இதுவும் அதுதானா?"

அதேதான் என்றான் மெக்கானிக். எரிகிற புகையில் கொஞ்சம் நழுவி அடியில் எண்ணெய் இருக்கும் இடத்துக்குப் போகும். வெளியேற வழி இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த சந்தில் எண்ணெயைத் தள்ளும் என்றான். பிளம்பருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அவரே குழாய்களை உருவினார்.

புகை போகும் இன்னொரு வழியில் விரல் நீளத்துக்கு ஒரு வால்வு உண்டு. மெக்கானிக் அதை எடுத்துக் காதருகே ஆட்டினான். கடகடவென்று சத்தம் வரவேண்டும். அது ஊமையாக இருந்தது. உள்ளே கருப்புக் களி. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்கள். குழாயின் வளைவில் இருந்த அழுக்கு எதற்கும் மசியாதபோது, தையல்காரி பாவாடைக்கு நாடா கோர்க்கும் நீளக் கம்பியைக் கொண்டுவந்து குடைந்தாள். கன்னத்தில் கரி அப்பியது. அதைச் சொல்ல மெக்கானிக்குக்கு மனம் வரவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வால்வு கடகடத்தது. குழாய்கள் அதனதன் இடத்துக்குப் போயின, மூடி குப்பைக்குப் போயிற்று. எண்ணெய் ஊற்றி வண்டியைக் கிளப்பினான். எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து, அதன்மேல் ஒரு தாளை வைத்தான். பறக்காமல், உள்ளிருந்து யாரோ பிடித்திழுப்பதுபோலத் தாள் ஒட்டிக்கொண்டது. உள்ளே அழுத்தம் இல்லை என்று அர்த்தம். ஊர் சுற்றிவிட்டு வந்து வண்டியை அணைத்தார்கள். பிளம்பர் நம்பவில்லை. துடைக்கும் துணியோடு காருக்கடியில் நுழைந்து நெடுநேரம் கிடந்தார்.

"சொட்டு இல்ல," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "உன்னை என்னென்னமோ பேசிட்டேன், தம்பி. மனசுல வச்சுக்காதே. வேற எதாவது பாக்கி இருக்கா?"

தையல்காரி கம்பியைத் துடைப்பதை நிறுத்தினாள். வண்டி சரியாகிவிட்டது; இனி அதன்மேல் பழிபோட முடியாது. காருக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களுக்கு முன்னால் மெக்கானிக் கைகட்டி நின்றான்.

"இருக்குண்ணே," என்றான். "உங்க தங்கச்சியை எனக்குக் கட்டிக் குடுங்க."