நாலு மாதம் பத்து நாள்

புது விங் திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். எங்கள் ஷாப்பிங் மாலின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி எம்.டி. சொன்னார். காட்டுப்பாக்கத்தில் மூடிக்கிடந்த சோப்புக் கம்பெனி இடத்தை வாங்கியது, 2012-ல் மூன்று மாடியோடு திறந்தது, 2016-ல் பின்பக்கக் கிடங்கை வாங்கிப் பார்க்கிங் ஆக்கியது, மெட்ரோ வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆறு திரை சினிமாவுக்கும் ஹைப்பர் மார்க்கெட்டுக்கும் திட்டம் போட்டது, எல்லாம் எழுதிக் கொடுத்தேன். 'அக்கம்பக்கத்தாரின் நல்லாதரவோடு' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்குப் பின்னால் இருப்பதை மலரில் போட முடியாது. இங்கே சொல்கிறேன்.

என் பெயர் உத்தமன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். மாலுக்கு நிலம் பிடித்துக் கொடுப்பது என் வேலை. ஊரில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு, அவையும் எனக்குத் தெரியும்.

புது விங்கின் வாசல் வரவேண்டிய இடத்தில் அறுநூறு சதுரடியில் ஒரு ஹார்டுவேர் கடை இருந்தது. ஷவுகத் அலி பாயின் கடை. மாலின் முதல் கட்டடத்துக்கு ஆணியும் கீலும் அங்கிருந்துதான் வந்தன. பாய் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் எங்களுக்கு எப்போதும் தொல்லைதான், விலை சொல்ல மாட்டார்கள்.

“இன்னா மாமே, காலங்காத்தால பேப்பர் எடுத்துகினு வந்துட்ட” என்பார். “இந்த எடம் எங்க ஊட்டம்மா மஹர். நான் அதுல வாடகைக்குக் குந்திகினு கீறேன். வாடகைக்காரன் ஊட்ட விக்க முடியுமா?”

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. நிக்காஹ்வின்போது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது மஹர். பெரும்பாலும் நகையோ பணமோ கொடுப்பார்கள். பாய் அந்த இடத்தையே எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரம் அவர் மனைவி ஃபக்ருன்னிசா பெயரில் இருந்தது. பிள்ளை இல்லாத அந்த அம்மாவுக்கு உலகத்தில் சொந்தமென்று இருந்தது அந்த அறுநூறு சதுரடிதான்.

பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை. அந்த இடத்தை முன்னொரு காலத்தில் பாய்க்கு விற்றவரின் பேரன்களைத் தேடிப் பிடித்தேன். தாத்தா விற்றது செல்லாது என்று அவர்களைச் சொல்லவைத்து, எங்கள் பெயருக்கு இன்னொரு பத்திரம் போட்டு வழக்குத் தொடுத்தோம். வழக்கில் வலுவே கிடையாது. பாய் சலித்துப்போய் விட்டுவிடுவார் என்று நினைத்தோம். அவர் மனைவியிடம் பவர் பத்திரம் வாங்கிக்கொண்டு ஒன்பது வருஷம் ஒரு வாய்தா விடாமல் வந்தார். காய்ச்சலோடு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். வாய்தா முடிந்ததும் எனக்கு டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கித் தருவார். “கேஸு கம்பெனி மேல. உன் மேல இன்னா கீது?” என்பார். நானும் குடித்தேன்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தவர் கடை ஷட்டரைத் தூக்கும்போது மாரடைப்பில் விழுந்தார். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அழுதேன். சத்தியமாக அது நடிப்பில்லை. அழுதுகொண்டே அடுத்த வாய்தா என்றைக்கு என்றும் யோசித்தேன்.

எங்கள் செக்யூரிட்டி சூப்பர்வைசர் முகமது ஆசிக்தான் இத்தா பற்றி எனக்கு விவரமாகச் சொன்னவர். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பாள், வெளி ஆண்களுக்கு முகம் காட்டமாட்டாள் என்றார். பாவம், அந்த அம்மாவுக்கு நான் ஏதோ உதவி செய்யப்போவதாக நினைத்துச் சொன்னார். நான் சீட்டுக்குத் திரும்பி காலண்டரைப் பார்த்தேன். பாயோடு அவர் வைத்திருந்த பவரும் போய்விட்டது. இனி அந்த அம்மாதான் நேரில் வந்து வக்கீலுக்குப் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மாதம் பத்து நாளுக்குள் மூன்று வாய்தா வந்தது.

பாரிவாக்கம் ரோட்டில் அவர்கள் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். உள்ளறை வாசலில் பச்சை நிறத் திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

“வக்கீலு லெட்டர் போட்டிருக்காரு தம்பி. நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். இன்னா பண்றதுனே புரில.” திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை கடிதத்தை நீட்டியது.

நல்ல கடிதம். வராவிட்டால் தீர்ப்பு ஒருதலையாகப் போய்விடும் என்று தெளிவாக எழுதியிருந்தார் மனிதர். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“இது ஃபீஸுக்காகப் போட்ட லெட்டர் அக்கா. பாய் போனப்புறம் கேஸ் நடத்த எங்களுக்கே மனசில்ல. எம்.டி. வாபஸ் வாங்கச் சொல்லிட்டாரு. நீங்க நிம்மதியா இத்தா இருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.”

பொய் சொல்லும்போது முகத்தைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் பாதி வேலை. திரை இருந்ததால் அந்தச் சிரமமும் எனக்கு இல்லை. அந்தப் பக்கம் அந்த அம்மா அழுதார். அல்லா உங்களுக்கு நல்லது செய்வான் என்றார். கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்காக வந்த வேலையை விட்டுவிட முடியுமா?

இரண்டு வாய்தாவுக்கு எதிர்த்தரப்பில் ஆளில்லை. மூன்றாவதில் ஒருதலைத் தீர்ப்பு வந்தது. அதை ரத்து செய்யக் கேட்க அவர்களுக்கு முப்பது நாள் உண்டு. அந்த நாட்களில் நான் இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு போனேன். வக்கீல் மறுபடி எழுதிய கடிதத்தையும் அந்தக் கை என்னிடமே நீட்டியது. முப்பத்தோராம் நாள், இடத்தைக் காலி செய்து கொடுக்க கோர்ட் அமீனாவுக்கு மனு கொடுத்தோம்.

இத்தா முடிய மூன்று நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு அமீனா வந்து கடைப் பூட்டை உடைத்தார். சாமான்களைப் பட்டியல் போட்டு வண்டியில் ஏற்றினோம். ஜேசிபி முன்பக்கச் சுவரில் கை வைத்தபோது என் போன் அடித்தது.

“தம்பி, கடைய இடிக்கிறாங்கன்னு பக்கத்து ஊட்ல சொல்றாங்களே.”

“கார்ப்பரேஷன் ஆளுங்க சைடுல டிரெய்னேஜுக்குத் தோண்டுறாங்கக்கா. நான் இங்கதான் நிக்கறேன்.”

“மெஷின் சத்தம் போன்லயே கேக்குது. நான் ஆட்டோ புடிச்சி வந்துர்றேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்த கேட்டேன், அவசியம்னா பகல்ல போய்ட்டு வரலாம், குத்தமில்லன்னாரு.”

ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம். அந்த அம்மா வந்து இடிபாட்டின்மேல் உட்கார்ந்துவிட்டால் கூட்டம் கூடும், யாராவது போனில் படம் பிடிப்பான், புது விங் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போகும். அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே ஆச்சரியம்தான்.

“இன்னும் மூணே நாள் அக்கா. இவ்ளோ நாள் பாய்க்காக இருந்துட்டு, ஒரு டிரெய்னேஜுக்காக முறிக்கப் போறீங்களா? பாய் மனசு என்ன பாடுபடும்?”

 

“சரி தம்பி” என்றார். “நீங்க கீறீங்கன்ற தெம்புல இருக்கேன்.”

போனை வைத்துவிட்டு ஜேசிபிக்காரனை வேகமாக முடிக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தரை மட்டமானது. மறுநாள் வேலி அடித்தோம், அதற்கு மறுநாள் அஸ்திவாரம் தோண்டினோம். பாரிவாக்கம் ரோட்டில் அந்த அம்மா நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் எனக்கு ஒரு போன் வரவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் காலை வந்தார். புர்கா போட்டு, முகத்திரையை மேலே தூக்கிவிட்டிருந்தார். கையில் பத்திரம் இருந்த ரெக்ஸின் பை. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து இரண்டு பெண் செக்யூரிட்டிகளை நிறுத்தியிருந்தேன். தேவைப்படவில்லை.

மனு போடலாம், ஆனால் தீர்ப்பு வர பல வருஷம் ஆகும், அதற்குள் இங்கே சினிமா ஓடும் என்று நானே விளக்கிச் சொன்னேன். நஷ்ட ஈடாக ஏதாவது வாங்கித் தரப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் திரை இல்லாம இருந்திருந்தா, உங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிகினு இருப்பேன்” என்றார்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த நம்பிக்கையாவது அந்த அம்மாவுக்கு மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் பார்த்த பார்வை எனக்கு ஆத்திரமூட்டியது.

“இல்லக்கா” என்றேன். “பாய் ஒன்பது வருஷம் எதிர்ல உக்காந்து டீ வாங்கிக் குடுத்து இந்த மூஞ்சியத்தான் பாத்தாரு. அவருக்கே தெரியல.”