படிவத்தில் ஒரு கேள்வி

விவாகரத்து கேட்டவர்களுக்குக் குடும்ப நீதிமன்றம் விதித்திருந்த நான்கு வாரப் பெற்றோர் வகுப்பு தாம்பரத்தில் அன்றோடு முடிந்தது. நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய படிவத்தை ஆளுக்கொன்றாகத் தந்தார்கள். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் உதயா, பெயர், முகவரியெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டான். 'குழந்தை எதற்குப் பயப்படும்? எப்படித் தேற்றுவீர்கள்?' என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

கூச்சத்தை விட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி அனுப்பிரியாவிடமே கேட்டான். "நம்ம ஓவியா எதுக்கு அனு பயப்படுவா?"

"பிளேன் சத்தத்துக்குத்தான். பொழிச்சலூர்ல வீட்டுக்கு மேலயே போகுதே. ஓடி வந்து என்னைக் கட்டிக்குவா."

"ஞாயித்துக்கிழமை என்கூட வர்றப்போ பயப்படறதே இல்லையே! பிளேனோட சக்கரத்தை எண்ணச் சொல்வேன். அண்ணாந்து பாத்து எண்ணிகினே இருப்பா."

அனுப்பிரியா அவனையே பார்த்தாள். பிரிந்து வாழும் இந்த இரண்டு வருடமாக அந்தச் சத்தத்தோடு தனியாக மல்லுக்கட்டியவள் அவள். "இது எனக்குத் தெரியாதே" என்றாள்.

அவன் சொன்னதை அவள் தன் தாளில் எழுதினாள். அவள் சொன்னதை அவன் எழுதினான். சேர்ந்தே போய்க் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் விவாகரத்து கிடைத்துவிட்டது. ஆனால் பிள்ளையைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள அதன் பிறகு இருவருமே தயங்கியதில்லை.