இதயத்துக்கு நாற்பது நிமிடம்

இதயத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் முதல் ஐந்து நிமிடம் ஆசிரியை அதன் பெயரைச் சொல்லவே கூடாது. "தலைப்பு மாணவனின் வாயிலிருந்து மலர வேண்டும்" என்பது ரங்கா சாரின் கொள்கை. பி.எட். கல்லூரியில் உயிரியலைக் கற்பிக்கக் கற்பித்தவர் அவர். கரும்பலகையின் நிறத்துக்கும் கற்றலின் தரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நானூறு பக்கம் எழுதி டாக்டர் ஆனவர். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. கொள்கை அழுக்காகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

வேதநாயகிக்கு வயது முப்பத்தொன்பது. சந்தாபுராவில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருஷம் உயிரியல் எடுத்தவள். புது நிர்வாகம் வந்தது, பி.எட். முடித்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே என்றது. எட்டு வருஷம் செய்த வேலையை எப்படிச் செய்வது என்று இரண்டு வருஷமாகப் படித்தாள். இன்று அல்சூர் பக்கத்து அரசுப் பள்ளியில், பத்தாம் வகுப்பில், கடைசித் தேர்வுப் பாடம். இது போனால் வேலையும் போயிற்று.

பாடத்திட்ட நோட்டில் 'மாணவர் மறுமொழி' என்று ஒரு பத்தி உண்டு. பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்று போன வாரமே அதில் எழுதி, ரங்கா சாரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி பெஞ்சில் அதன் நகலை மடியில் விரித்து, பென்சிலால் வரிவரியாக டிக் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரங்கா சார், கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிப்பவர் மாதிரி.

ஓடிவந்தால் நெஞ்சுக்குள் எது படபடக்கும் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள்.

"ஹார்ட்டு மிஸ்! நாலு ரூம்பு. போர்டுல எழுதுங்க மிஸ், டைம் ஆவுது" என்றான் முன் பெஞ்சு தேஜஸ். இந்த வருஷம் அந்த வகுப்புக்கு இதயம் நடத்த வந்த நாலாவது பயிற்சி ஆசிரியை அவள்.

கேளாதவள்போல் கேள்வியை முழுசாகக் கேட்டு, அதே பதிலை முறைப்படி வாங்கினாள். பென்சில் நகர்ந்தது.

இருபதாவது நிமிடத்தில் ஸ்னேஹா என்ற பெண் எழுந்தாள். ஜோகுபாளையத்துத் தமிழ்ப் பெண். மிஸ் தமிழ் என்று தெரிந்து தமிழிலேயே கேட்டாள்: "மிஸ், எங்கப்பாக்கு ஹார்ட்டு தொட்டதாகிதேன்னு டாக்டர் கன்னடத்துல சொன்னாரு. பெரிசாச்சுன்னா நல்லதுதானே மிஸ்?"

வகுப்பு சிரித்தது. "பெரிய மனுசன் ஆயிட்டாருடி உங்கப்பா!"

வேதநாயகி சிரிக்கவில்லை. பதில் அவளுக்குத் தெரியும். சந்தாபுராவாக இருந்தால் அந்த நிமிடமே சாக்பீஸை வைத்துவிட்டுச் சொல்லியிருப்பாள். கடைசி பெஞ்சில் பென்சில் அந்தரத்தில் நின்றது. நோட்டில் இந்தக் கேள்வி இல்லை. ரங்கா சார் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார்.

"நல்ல கேள்வி. அடுத்த வகுப்புல பார்க்கலாம்" என்றாள். பயிற்சி அன்றோடு முடிகிறது. அடுத்த வகுப்பு என்று ஒன்று இல்லை.

ஸ்னேஹா உட்கார்ந்தாள். பென்சில் டிக் அடித்தது.

மணி அடித்ததும் வராந்தாவில் ரங்கா சார் கைகுலுக்கினார். "அந்தப் பொண்ணோட டவுட்டை என்னமா ஹேண்டில் பண்ணீங்கம்மா! ட்ராக்கை விட்டு ஒரு இன்ச் நகரல. சாருக்குப் பரம திருப்தி. பாஸ்னு வெச்சுக்குங்க." சொல்லிவிட்டுத் தேர்வாளரைக் காபிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வேதநாயகி ஓடிப்போய்க் குழாயடியில் ஸ்னேஹாவைப் பிடித்தாள்.

"அது நல்லதில்லம்மா. இதயம் பலம் குறைஞ்சு உப்பிப்போறது அது. அப்பா மாத்திரை சாப்பிடறாரா?"

"நிறுத்திட்டாரு மிஸ். பெரிசாச்சுன்னா தெம்பு வந்துருச்சுன்னுதானே அர்த்தம்னாரு. எனக்கு டவுட்டு. அதான் தசரா லீவுக்கு முன்னாடி உங்கள மாதிரியே ட்ரெய்னிங்குக்கு வந்த டெரிக் சாரையும் கேட்டேன். அடுத்த கிளாஸ்ல சொல்றேன்னாரு."

தசரா போய் நாலு மாசம் ஆகிறது.

"இப்ப எப்படி இருக்காரு?"

"கால் ரெண்டும் வீங்கியிருக்கு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்துக்கிட்டே தூங்குறாரு."

"இன்னைக்கே, வீட்டுக்குப் போன உடனே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு அம்மாகிட்ட. மிஸ் சொன்னாங்கன்னு சொல்லு."

ஸ்னேஹா கையை உதறித் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அம்மா கேக்காது மிஸ். வந்து வந்து போறவங்க சொல்றதை எல்லாம் நம்பாதேன்னு சொல்லும். நீங்க நிஜ டீச்சரா மிஸ்?"

இரண்டு வருஷமாகக் காத்திருந்த கேள்வி. பதிலும் ஐந்து நிமிடம் முன்புதான், 'பாஸ்' என்று, கைக்கு வந்திருந்தது.

"இல்லம்மா" என்றாள் வேதநாயகி. "நம்பர் இருந்தா குடு. நானே அம்மாகிட்ட பேசறேன்."