அரைக் கட்டை கீழே

ஹால்வாரின் விரல் இன்னும் கீழே இறங்கவில்லை, பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்கு மேலே காற்றில் நிற்கிறது, நின்றபடியே கொஞ்சம் இடப்பக்கம் நகர்கிறது, யாரும் பார்க்காத நேரத்தில் தட்டிலிருந்து ஒன்றை எடுக்கப்போகிற கை மாதிரி, லோஜினி பார்த்துவிட்டாள், இத்தனை வருஷம் அவன் கொடுத்த சுரத்தைக் காதால் வாங்கிப் பாடியவள் இன்றைக்குத்தான் கையைக் கவனிக்கிறாள், ஒத்திகை மண்டபத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான், வெளியே ஒஸ்லோவின் பனி சேறாகக் கரைகிறது, என்ன தேடுகிறாய் என்று கேட்கிறாள், ஒன்றுமில்லை, விரல் விறைத்துவிட்டது என்கிறான், பொய், அறைக்குள் அப்படியொரு சூடு.

சில மாதமாகவே எல்லாம் ஒரு மாதிரித்தான் இருக்கிறது, அவள் உள்ளே வந்தால் அவனும் பேஸ் கிட்டார்க்காரனும் பேச்சை நிறுத்துகிறார்கள், இசைத் தாள்களைக் கவிழ்த்து வைக்கிறான், சங்கீதக் கல்லூரியிலிருந்து வந்த இங்வில் என்ற சின்னப் பெண்ணுக்கும் வாசிக்கப் போகிறானாம், கோடை விழாவில் என் பாட்டை யார் பாடப்போகிறார்கள், நானா அவளா, அது போதாதென்று அம்மா வேறு, ஹால்வாரைக் கண்ணில் காட்டக்கூடாத அம்மா, நெட்டையன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பெயர் வைக்காத அம்மா, போன கிழமை மீன் கட்லட் பொரித்து டப்பாவில் அடைத்து, இதை ஹால்வாரிட்டைக் குடு பிள்ளை என்கிறாள், என்னம்மா திடீரெண்டு, ஏன், அவனும் மனுசன்தானே, சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அம்மா முகத்தைத் திருப்பினால் உள்ளே ஏதோ ஒளித்திருக்கிறாள் என்பது சின்ன வயதிலேயே தெரியும், நோர்வேயின் வடக்கே அவர்கள் முதலில் வந்திறங்கிய மீன் ஊரில், சூரியனே எழும்பாத மார்கழியில், தொழிற்சாலையில் மீன் வெட்டிவிட்டு வந்த அம்மா இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்பா இனி வரமாட்டார் என்கிறாள், அழுவதற்குப் பதிலாகப் பாடினேன் என்று லோஜினி பேட்டிகளில் சொல்வாள், எங்கே, அழுதுகொண்டேதான் பாடினாள், பள்ளிக்கூடத்தில், ஜ வராத நோர்வே வாய்களில், பத்மலோஜினி லோயினி ஆகிறாள், தேவாலயப் பாடகர் வரிசையில் கறுத்த தலை ஒன்றே ஒன்று, பிறகு ஒஸ்லோ, புகை மண்டிய ஜாஸ் மேடை, பியானோவில் ஹால்வார், அவள் முணுமுணுப்பாள், அவன் எழுதுவான், அம்மா அடுப்படியில் முனகுவதையும் துறைமுகத்துக் கப்பலின் ஊதலையும் சேர்த்து அவள் கட்டிய பாட்டுத்தான் முதல் இசைத்தட்டு, அதுதான் பரிசு, அதுதான் பெயர், அதுதான் அவள்.

அந்தப் பாட்டு நேற்று காரில் வானொலியில் வந்தது, ஆசையாகத் தன் பழைய குரலோடு சேர்ந்து பாடினாள், உச்சிக்கு ஏறும் இடத்தில் குரல் ஏறவில்லை, கிழிந்தது, வானொலிக்காரன் வேகமாகச் சுற்றவிடுகிறான் என்று அவனையும் சந்தேகப்பட்டாள், போன மாதம்கூட மேடையில் வழுக்கிக்கொண்டு ஏறினேனே, அப்படியென்றால் மேடையில் நான் பாடுவது எதை, அதனால்தான் இன்று கையைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்து பழைய இசைத்தட்டைப் போட்டு அதன் முதல் சுரத்தைப் பியானோவில் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தாள், இன்று அவன் விரல் வைத்த இடம் அதற்கு எவ்வளவோ இடப்பக்கம், எவ்வளவோ கீழே, சுருதியை ஒரேயடியாக இறக்கியிருந்தால் தெரிந்திருக்கும், அரைக் கட்டை அரைக் கட்டையாக, வருஷக்கணக்கில், அடப்பாவி, என் குரல் இறங்கியது ஊருக்கெல்லாம் தெரிந்து எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது.

அம்மாவிடம் பாய்ந்தாள், அந்த நெட்டையன் என்னை ஏமாத்திப்போட்டானம்மா, அம்மா அடுப்பை அணைத்தாள், இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை, அவனை ஏசாதை, நானும்தான் அவனிட்டைச் சொன்னனான், என்னத்தையம்மா, பேர்கனிலை நடந்த கச்சேரியிலை உன்ரை கழுத்து நரம்பு புடைச்சு நிண்டது பிள்ளை, பாக்கேலாமல் போச்சு, கொஞ்சம் கீழை வை, அவளுக்குச் சொல்லாதை எண்டு எனக்குத் தெரிஞ்ச நோர்வேப் பாசையிலை அவனிட்டைக் கேட்டனான், கனகாலமா அப்பிடித்தான் செய்யிறன் எண்டான், தாளெல்லாம் மாத்தி எழுதி வைச்சிருக்கிறானாம், அண்டைக்குத்தான் எனக்கு அந்தப் பெடியனைப் பிடிச்சது. என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அம்மா. சொன்னா நீ பிறகு பாடியிருப்பியே? கோபம் வந்தது, வெட்கம் வந்தது, மேசையில் அன்றைக்குப் பொரித்து ஆறிக்கிடந்த கட்லட் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

கோடை விழா, விளக்குகள், முன்வரிசையில் குளிரங்கியைக் கழற்றாமல் அம்மா, பின்வரிசையில் எங்கேயோ கேட்க வந்த இங்வில், ஹால்வாரின் விரல் காற்றில் நிற்கிறது, எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரியும், பழைய இடமா, நான் இறக்கிய இடமா என்று முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறான், அவள் சுரத்துக்காகக் காத்திருக்கவில்லை, கண்ணை மூடிப் பாடத் தொடங்கிவிட்டாள், கீழே, அம்மா அடுப்படியில் முனகுகிற அந்த இடத்தில், விரல் திடுக்கிட்டு அவளைத் தேடி இடப்பக்கம் நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது, அவன் துணிந்து இறக்கிய இடத்துக்கும் அரைக் கட்டை கீழே அவளைக் கண்டுபிடித்து அமர்ந்தது.